பச்சை எரிந்தால் பயமில்லை

எங்கள் ஒஃபிஸ் பொறுப்பாளர் மஹ்மூத் சேர் படியேறி வருவதற்குள் அந்தச் சத்தத்தை நிறுத்தியாக வேண்டும். சேர்வருக்குப் பின்னால் மண்டிபோட்டு, செத்துப்போன பவர் சப்ளையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் எங்களோடு வேலை செய்யும் துஷ்யந்தி நின்று, பிளேன்டீக்குச் சீனி போடவா வேண்டாமா என்று கேட்டாள். போடுங்க என்றேன்.

இப்படித்தான் தொடங்கியது, ஹலீம் சேர். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பீப் சத்தம்.

தமிழில் சொன்னால் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். நல்லது. சிங்களத்திலும் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லும்போது நடுவில் நின்று சொல் தேட விருப்பமில்லை.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கம்பியூட்டருக்கு ஒரு பவர் சப்ளை. சேர்வருக்கு இரண்டு. இரண்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனி பிளக். எங்கள் இடத்தில் ஒன்று மின்சார சபை லைனில், மற்றது ஜெனரேட்டர் லைனில். சாதாரண நாளில் இரண்டும் பாதிப் பாதி சுமக்கும். ஒன்று செத்தால் மற்றது முழுவதையும் சுமக்கும். சேர்வர் ஒரு நொடிகூட நிற்காது.

அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. நிற்காததால், ஒன்று செத்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதைக் கவனிப்பதற்கென்றே உள்ளே தனியாக ஒரு சின்ன சிப் வைத்திருக்கிறார்கள். வோல்டேஜ் வருகிறதா, சூடு ஏறுகிறதா, காற்றாடி சுற்றுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறை கண்டால் ஒப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லும். ஒப்பரேட்டிங் சிஸ்டம் நமக்குச் சொல்லும். முன்பக்கம் மஞ்சள் லைட், பீப் சத்தம், ஒரு மெயில். அந்த மெயிலில் ‘செத்துவிட்டது’ என்று இருக்காது. ‘துணை போய்விட்டது’ என்கிற அர்த்தத்தில்தான் இருக்கும். சேர்வர் ஓடுகிறதே, அதனால் அது ஆபத்தில் சேர்த்தியில்லை, வெறும் எச்சரிக்கை.

மஹ்மூத் சேர் உள்ளே வந்தார்.

“என்ன அஜந்தன், சத்தமொண்டு கேட்டிச்சே?”

“பவர் சப்ளை ஒண்ணு போயிருச்சு சேர். மத்தது ஓடுது. பயமில்ல.”

“கொழும்புக்கு எழுதிப் போடுங்க. மழைக்கு முந்தி வரணும், சரியா?”

அன்றைக்கே எழுதிப் போட்டேன். அன்றைக்கு என் மனசில் எந்தக் கள்ளமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த சேர்வர் என்ன வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியும். பேராதனையில் எங்கள் மாடி ஒஃபிசில் அது இருந்தது. கலஹாவுக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலைச்சரிவில் கருவிகள் புதைத்திருந்தோம். மழை எவ்வளவு, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு, சரிவு அசைகிறதா. எல்லாம் சேர்வருக்கு வரும். அளவு சிவப்புக் கோட்டைத் தாண்டினால் சேர்வர் அங்கே இருக்கும் சங்குக்குக் கட்டளை அனுப்பும். சங்கு ஊதும். சனம் லயத்தை விட்டு ஸ்கூலுக்கு ஓடும். அவ்வளவுதான்.

என் அக்கா நிஷாந்தினி அந்த லயத்தில்தான் இருந்தாள். புருஷன் சேதுராமன், ஒரு மகள். நானும் அங்கேதான் பிறந்தேன். படித்து இறங்கி வந்துவிட்டேன். அவர்களால் இறங்க முடியவில்லை. மலையில் வேலை இருந்தால்தான் லயம், லயம் இருந்தால்தான் மலையில் வேலை. பேராதனையில் என் அறைக்கு வந்துவிடு என்று அக்காவை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். புருஷனை விட்டு வரமாட்டேன் என்பாள். மச்சான் சனத்தை விட்டு வரமாட்டார். அவர்தான் அங்கே தலைவர்.

அவர்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு வெடிப்பு. உள்ளங்கை போகும். மழை நாளில் அக்கா செருப்பைக் கழற்றாமல் படுப்பாள். மகள் ஸ்கூல் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள், ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட. எட்டு வயசுப் பிள்ளை, சேர். இடி இடிக்கும்போதெல்லாம் என் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதோடு எப்படிச் சீவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மச்சான் வீடு கேட்டார். மனு, மறியல், கூட்டம் என்று எதையும் அவர் விடவில்லை. அந்த பீப் சத்தம் கேட்டதற்கு அடுத்த வாரம் தோட்டத்து ஒஃபிசில் ஒரு கூட்டம் நடந்தது. மஹ்மூத் சேரோடு நானும் போனேன். மச்சான் எழும்பி, கீழே இருக்கிற தட்டையான நிலத்தில் வீடு கட்டித் தாருங்கள் என்றார். கம்பெனியிலிருந்து வந்தவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைக் கையால் காட்டினார்.

“இப்ப அதுக்கு அவசரம் என்ன? சிஸ்டம் இருக்கே. நல்லா வேலை செய்யுதே. இவர் உங்க ஆள்தானே, கேட்டுப் பாருங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லா வேலை செய்யுது என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கைபோட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“மச்சான், ஒங்க சங்கு வந்ததுல இருந்து தொரைமாருக்கு நல்ல தூக்கம். நாங்க வீடு கேட்டோம், அவுங்க ஹோர்ன் குடுத்துட்டாங்க.”

“அது உயிரைக் காப்பாத்தும் மச்சான்.”

“காப்பாத்தட்டும். இப்புடியே காப்பாத்திக் காப்பாத்தி எம் மகளுக்கும் இதே லயத்துல கல்யாணம் முடிச்சி வைப்பீங்க.”

பஸ்ஸில் இறங்கி வரும்போது அதையே யோசித்தேன். அவர் சொன்னது கணக்குப் போல் சரியாக இருந்தது. சிஸ்டம் ஓடுகிற வரைக்கும் வீடு வராது. நான் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறேனோ, அவ்வளவு காலம் என் அக்கா அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் படுப்பாள். அவளை அங்கே கட்டிப்போட்டிருப்பது தோட்டமில்லை, கம்பெனியில்லை, நான்தான். இதில் எங்கே பிழை இருக்கிறது என்று நான் இன்றைக்கும் தேடுகிறேன்.

கொழும்பிலிருந்து புது பவர் சப்ளை வந்தது. மஹ்மூத் சேர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம். துஷ்யந்தி பார்சலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“என்ன அஜந்தன் இது, செங்கல்லா? இந்தப் பாரம்.”

“கேபிள்” என்றேன். பிரிக்காமலே அலுமாரியில், பழைய கீபோர்ட்களுக்கு அடியில் வைத்தேன்.

இனி மஞ்சள் லைட். மஹ்மூத் சேர் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த லைட்டைப் பார்ப்பார். கொழும்பில் கருவி விற்றவர்களுக்கும் தினமும் ஒரு மெயில் போகும். வயரை வெட்டுவதோ, லைட்டில் பிளாஸ்டர் ஒட்டுவதோ சின்னப் பிள்ளை வேலை. அந்த சேர்வரின் அமைப்பிலேயே ஒரு கேள்வி இருக்கிறது: உனக்கு எத்தனை பவர் சப்ளை வேண்டும்? இரண்டு என்று இருந்தது. நான் போய் ஒன்று போதும் என்று மாற்றினேன்.

மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. மெயிலில் ‘நலம்’ என்று வந்தது. ஒன்றையும் நான் உடைக்கவில்லை, அழிக்கவில்லை. துணை வேண்டும் என்று நினைத்தவரைக்கும்தான் துணை போய்விட்டது என்று அது அழுதது. உனக்குத் துணை தேவையில்லை என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டது. ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தானாக எதுவும் தெரியாது சேர். சிப் சொல்வதை அது நம்பும். சிப் நாம் சொல்லிவைத்ததை நம்பும்.

“வந்திச்சா சாமான்?” என்று மஹ்மூத் சேர் கேட்டார்.

“போட்டாச்சு சேர்.”

குனிந்து பச்சை லைட்டைப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்றார். நல்ல மனுஷர். அவரைத் தயவுசெய்து இதில் இழுக்க வேண்டாம்.

என் திட்டம் சின்னது. நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் சேர்வர் நிற்க வேண்டும். சங்கு ஊதாமல் இருக்க வேண்டும். மலை ஒன்றும் ஆகாமல் அப்படியே இருக்கும், ஆனால் அடுத்த நாள் மச்சான் போய், இந்தக் கொட்டுகிற மழையில் உங்கள் சங்கு செத்துக் கிடந்தது, இனி இதை நம்பி இருக்க மாட்டோம், வீடு தாருங்கள் என்று கேட்பார். அவர்களிடம் பதில் இருக்காது. அவ்வளவுதான். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் காத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் சங்கைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அதையும் விடவில்லை. நான் இங்கிருந்து பட்டனை அழுத்துவேன், அங்கே சங்கு ஊதும், மச்சான் ஃபோனில் “கேட்டுச்சு, கேட்டுச்சு, காது போச்சு” என்பார். ஒரு பவர் சப்ளையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்தப் போயா நாள் வந்தது. பௌர்ணமி, ஒஃபிஸ் லீவு. அதற்கு முந்தி மூன்று நாளாக விடாத மழை. சாவி என்னிடம் இருந்தது. காலையில் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மழைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் தண்ணீர்க் கோடும் ஏறிக்கொண்டிருந்தது.

உங்கள் சிங்கள ஐயா நேற்று என்னிடம் ஒன்று கேட்டார். மழை மட்டும் போதும் என்றால், காலையிலேயே வயரை இழுத்திருக்கலாமே, ஏன் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாய் என்று. நேற்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

மழையில் சங்கு ஊதாதது ஒரு பெரிய குற்றமா? சாதாரண மழைக்குச் சங்கு ஊதத் தேவையில்லையே என்பார்கள். ஊதவேண்டிய நேரத்தில் ஊதாமல் இருந்தால்தான் கணக்கு. அதனால் நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, சரிவில் புதைத்திருந்த கருவி அசைந்தது. மிகக் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். சிவப்புக் கோட்டைத் தொட ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

அப்போது என் மனசில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். இப்போது சங்கு ஊதினால் சனம் ஓடும். மலை வரும். வெறும் லயத்தை மூடும். எல்லாரும் ஸ்கூலில் நின்று பார்ப்பார்கள். அடுத்த நாள் பேப்பரில் சிஸ்டத்தின் படம் வரும். மஹ்மூத் சேருக்குக் கைதட்டுவார்கள். பத்துத் தோட்டத்துக்குப் பத்துச் சங்கு வாங்குவார்கள். மச்சானின் சனத்துக்குப் பக்கத்து மலையில் பழைய லயம் ஒன்றைத் திறந்து விடுவார்கள், அங்கேயும் ஒரு சங்கு மாட்டுவார்கள்.

பின்னால் போய் மண்டிபோட்டேன். மிச்சமிருந்த ஒரு வயரைப் பிடித்து இழுத்தேன். இழுப்பதற்குப் பலமே தேவைப்படவில்லை. காற்றாடிகள் சுற்றி அடங்கின. இரண்டாவது இருந்திருந்தால் அது தாங்கியிருக்கும். அதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்.

மேலே நடந்ததைத் தப்பியவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். முன்பெல்லாம், சங்கு வருவதற்கு முந்தி, மழை நாளில் பொம்பளைகள் மலையிலிருந்து பீலியில் வந்து விழுகிற தண்ணியைத்தான் பார்ப்பார்கள். பீலியில் சேறு கலந்து வந்தால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். அன்றைக்கும் பீலியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. ரெண்டு மூன்று பேர் மூட்டை கட்டியிருக்கிறார்கள். மச்சான் மழையில் இறங்கிப் போய்ச் சங்குக் கம்பத்தைப் பார்த்திருக்கிறார். கம்பத்தில் ஒரு சின்னப் பச்சை லைட் உண்டு.

“பச்சை எரியுது. சங்கும் ஊதல. ஏன் பதறுறீங்க, உள்ள போங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த லைட் சோலர் பெட்டரியில் எரிவது, சேர். சங்குப் பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பேராதனையில் சேர்வர் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. சங்கு மாட்டியதும் சனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போன அன்று இதையெல்லாம் விளக்கினால் குழம்பிப் போவார்கள் என்று நான்தான் சுருக்கிச் சொன்னேன். பச்சை எரிந்தால் பயமில்லை. பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மச்சான் படிக்காதவரில்லை. என்னை நம்பினார்.

மண் வந்தது ஒரு மணிக்குப் பிறகு. லயத்தின் மேல்பாதி முழுக்கப் போய்விட்டது. இறந்தவர்களின் பெயர்களைக் காலையில் நீங்கள் வாசித்தீர்கள், நான் எல்லாருக்கும் ஓம் என்று தலையாட்டினேன். எல்லாரையும் எனக்குத் தெரியும். மச்சானைத்தான் கடைசியாக எடுத்தார்கள்.

அன்று மாலையே சேர்வருக்குப் பழைய வயரையும் மாட்டி, புது பவர் சப்ளையையும் போட்டு, இரண்டு வேண்டும் என்று மாற்றிவைத்தேன். மின்னலில் நின்றுபோனது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். மஹ்மூத் சேர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். “உங்கட குடும்பத்திலயும் மவுத்து விழுந்திட்டே” என்றார்.

வீடு வருகிறது, சேர். கீழே அந்தத் தட்டையான நிலத்தில் போன கிழமை அளக்க வந்துவிட்டார்கள். தப்பிய எல்லாக் குடும்பத்துக்கும் தனி வீடு, தனி வாசல். அக்காவுக்கும் உண்டு. சங்கு இருக்கே என்று இப்போது யாரும் சொல்லவில்லை. நான் போட்ட கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். நாளைக்கு அக்கா உங்களிடம் வாக்குமூலம் கொடுக்க வருகிறாள். அதற்கு முந்தி வந்துவிட நினைத்தேன்.

அவள் வந்து என்னைப் புகழுவாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தம்பி அன்று விடியக்காலையில் ஃபோன் எடுத்தான், மகளுக்குக் கண் டொக்டரைப் பார்க்க வேண்டும், முதல் பஸ்ஸில் கண்டிக்கு வா என்றான், மாரியம்மன்தான் அவன் வாயில் வந்து பேசியிருக்கிறாள், அதனால்தான் நானும் பிள்ளையும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம். இப்படிச் சொல்லுவாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், சேர். மூன்று தடவை செய்துவிட்டாள். நான்காவது தடவையை என்னால் தாங்க முடியாது.

போயா அன்று கண் டொக்டர் யாரும் இருக்கமாட்டார் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஃபோனில் அவள் இன்னொன்றும் கேட்டாள். அதை அவள் மறந்திருப்பாள், உங்களிடம் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

“அவருக்கும் இன்னைக்கி லீவுதானே தம்பி. அவரையும் கூட்டிக்கிட்டு வரவா? டவுனுக்கு வந்து எவ்வளவு நாளாச்சி.”

“வேணாங்கா” என்றேன். “லீவு நாள், பஸ்ஸுல நெரிசலா இருக்கும். நீயும் பிள்ளையும் மட்டும் வாங்க.”

நெரிசல் ஒன்றும் இருந்திருக்காது. அந்த மழையில் தலைவரே பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறுவதைக் கண்டால் லயமே அவருக்குப் பின்னால் இறங்கி வந்துவிடும். வெறும் லயத்தின் மேல் மண் விழுந்தால் யாருக்கும் வீடு கிடைக்காது, சேர்.